நெற்றியில் ஒரு பச்சை

நீலகிரிப் பழங்குடியினர் சிலரின் குருதியில் அரிவாளணுச் சோகையின் மரபுக்கூறு இருப்பதை 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் இருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் அறிவித்தனர். இந்தியாவில் இக்கூறு பற்றி வெளியான முதல் செய்திகளுள் அது ஒன்று. அவர்கள் நோயாளிகளைத் தேடியவர்கள் அல்லர். தென்னிந்தியத் தொல்குடியினர் எவ்வினத்தாரோடு உறவுடையோர் என்பதே அவர்களது வினா. இருளரும் குறும்பரும் தந்த குருதி இனவரலாற்றுக்குச் சான்றாயிற்று. அவர்களுக்கே அது பயன்படும் காலம் பின்னரே வந்தது.

இந்நோயில் ஹீமோகுளோபின் புரதத்தின் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியிருக்கும். அதனால் சிவப்பணு அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இக்கூறு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு காப்பும் உண்டென 1954இல் ஆலிசன் காட்டினார். இவரைத் தமிழில் 'கடத்துநர்' என்கிறோம். குற்றவாளியின் வாடை வீசும் சொல். வேறு நல்ல சொல் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

சொற்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் பல, கறுப்பின மக்களுக்கு இச்சோதனையைக் கட்டாயமாக்கின. கூற்றினை ஏந்தியவரையும் நோயுற்றவரையும் பிரித்தறியாமலே சில சட்டங்கள் எழுதப்பட்டன. நலமாயிருந்தோர் வேலையையும் காப்பீட்டையும் இழந்தனர். கூறுடையோரை விமானப்படைக் கல்விக்கழகம் 1981 வரை சேர்க்கவில்லை. இதனை மூலக்கூற்று நோய் என 1949இல் முதன்முதல் விளக்கிய லினஸ் பாலிங்கே, கூறுடைய இளைஞர் நெற்றியில் அடையாளமாகப் பச்சை குத்தலாம் என 1968இல் எழுதினார். சமாதானத்துக்கான நோபெல் பரிசும் பெற்றவர் அவர்!

நிலைமையை மாற்றியது எளிய பென்சிலின். நோயுற்ற குழந்தைகளுக்கு அதனை நாள்தோறும் வாய்வழி கொடுத்தால் கடும் நிமோகாக்கஸ் தொற்று 84 விழுக்காடு குறைகிறது என்று 1986இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. அடுத்த ஆண்டே, பிறந்த குழந்தைகள் அனைவரையும் சோதிக்குமாறு அமெரிக்க வல்லுநர் குழு பரிந்துரைத்தது. சோதனை அதே சோதனைதான். ஆனால் இப்போது அதன் முடிவோடு மருந்தும் வீட்டுக்கு வந்தது.

நீலகிரியில் இப்பணியைக் கூடலூரின் ஆதிவாசி மருத்துவமனை போன்ற சிறு அமைப்புகளே முதலில் தோளேற்றன. நடுவண் அரசின் ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலையில்தான் தொடங்கியது: நாற்பது வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேருக்குச் சோதனை, 2047க்குள் ஒழிப்பு என்பன அதன் இலக்குகள். சோதிக்கப்பட்டவர் கையில் மரபுநிலை அட்டை தரப்படுகிறது. மணம் பேசுமுன் அதனைப் பார்க்கவேண்டுமென அறிவுரையும் கூறப்படுகிறது. பயனுள்ள அறிவுரைதான். எனினும் ஒரு மலைக்கிராமத்தில் அவ்வட்டையைக் காட்டியபின் ஒரு பெண்ணின் பெயர் எவ்வாறெல்லாம் பேசப்படும் என்பதைச் சோதனைச்சாலை அறியாது. எத்தனை அட்டைகள் வழங்கப்பட்டன என்பதைவிட, அந்த ஊருக்கு அண்மையிலுள்ள சுகாதார நிலையத்தில் ஹைட்ராக்சியூரியா மாத்திரை மாதந்தோறும் இருப்பில் உள்ளதா என்பதையே நான் முதலில் கேட்பேன்.