முட்டுக்கட்டை போடுறவங்க வாழ்க!

வீராம்பட்டினம்னு சொன்னா நம்ம வலைப்பதிவு ஜனங்க உடனே அரிக்கமேட்டுக்கு ஓடிடுவாங்க. தப்பில்லை. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினது உலகப் பிரசித்தம். அவருக்குப் பின்னால் தோண்டிய பிரெஞ்சுக்காரர் கசால், தன் அறிக்கைக்கு வைத்த பேரிலேயே வீராம்பட்டினமும் இருக்கு. ஆனா ரோமாபுரி ஜாடி பற்றி ஏற்கனவே நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் சொல்லப்போறது அதே ஊர் செங்கழுநீரம்மன் தேர் பற்றி. இன்னும் சரியா சொன்னா, தேர் மாதிரி ஒரு மலையைத் திருப்பி, நகர்த்தி, சரியான இடத்தில் நிறுத்துகிற வேலை பற்றி.

தேருக்கு முன்னாடி கொஞ்சம் லாரி. (பொட்டி தட்டுறவனுக்கு லாரியில என்ன வேலைன்னு கேட்கக் கூடாது :-))

நாற்பதடி கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லரை குடோன் மேடையில் ரிவர்ஸ் எடுத்து ஒட்டுறதைப் பார்த்திருக்கீங்களா? மேடை சுமார் நாலடி உயரம் இருக்கும், லாரித் தளமும் கிட்டத்தட்ட அதே உயரம். நடுவுல கையகல இடைவெளிகூட இல்லாம ஒட்டி நின்னாதான் சரக்கு இறங்கும். வால் வலப்பக்கம் போகணும்னா ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கணும். கொஞ்சம் மடங்கினதும் அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி பின்தொடரணும். முன்னாடி போகும்போது ட்ரெய்லரோட கோணல் தானா நேராகும். பின்னாடி போகும்போது கோணல் தானா வளரும். கவனிக்காம விட்டா, பேனாக்கத்தி மடங்குற மாதிரி மடங்கி நிக்கும். போதாக்குறைக்கு, வண்டி மடங்கினதும் ஒரு பக்கக் கண்ணாடியில ட்ரெய்லரோட பக்கவாட்டு மட்டும்தான் தெரியும், இன்னொரு பக்கக் கண்ணாடியில வால் தெரியவே தெரியாது. அதனால பின்னால ஒரு ஆள் நின்னு "வா, வா, வரட்டும், வரட்டும்... ஓல்டான்!"னு கத்தணும். ஸ்டியரிங் டிரைவர் கையில, கண்ணு கிளீனர்கிட்ட.

1914-ல் டெட்ராய்ட் நகரத்துக் கொல்லர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப், ஒரு மரவியாபாரியோட படகை ஃபோர்டு காருக்குப் பின்னால் கட்டி இழுக்க ஒரு வண்டி செஞ்சு கொடுத்தார். அதுக்கு 'செமி ட்ரெய்லர்'னு பேரும் வச்சார். ஆக லாரிக்காரங்களோட தலைவலிக்கு வயசு நூத்திச் சொச்சம். நம்ம ஊர்ல இதே தலைவலி அதைவிட ரொம்பப் பழசு.

தேர்முட்டி பார்த்திருப்பீங்க. தேர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் படிக்கட்டு வச்ச உயரமான மேடை. சாமியைத் தேரில் ஏற்றவும் இறக்கவும் அதுதான் வழி. குடோன் மேடை செய்கிற அதே வேலை! கோயம்புத்தூர் ராஜவீதியில் 'தேர்முட்டி' என்பது இடத்தின் பேராகவே ஆகிவிட்டது. திருவொற்றியூரில் 2021-ல் திறந்த மெட்ரோ ஸ்டேஷனுக்கே 'தேரடி'னுதான் பேர். தேர் தள்ளி நின்னா சாமி ஏறமுடியாது, ரொம்ப நெருங்கினா மேடை இடியும். லாரிக்காவது ஸ்டியரிங் உண்டு. தேருக்கு?

பெரிய மரத்தேர்களுக்குக் கிடையாது. நாலு சக்கர வண்டியில் முன்சக்கரங்கள் தனித்தனியா திரும்புகிற அமைப்பை ஜெர்மனியில் லாங்கென்ஸ்பெர்கர் யோசிச்சு, 1818-ல் லண்டனில் ஆக்கர்மன் பதிவு செஞ்சார். இன்றைய கார் வரைக்கும் அடிப்படை அதுதான். நம்ம தேரின் அச்சோ அசையாது. வடம் இழுக்கும், பிரேக் கிடையாது. திருப்புறதும் நிறுத்துறதும் ஒரே பொருளை வச்சுத்தான்: முட்டுக்கட்டை.

வலது சக்கரத்துக்கு முன்னால் ஆப்பு மாதிரி கட்டையைப் போட்டா அந்தச் சக்கரம் தயங்கும், இடது சக்கரம் ஓடும், தேர் வலப்பக்கம் முகம் திருப்பும். புல்டோசரும் ராணுவ டாங்கியும் இப்படித்தான் ஒரு பக்கத்தைப் பிடித்து மறுபக்கத்தை ஓடவிட்டுத் திரும்புது. கட்டையைச் சாய்வா வச்சா சக்கரம் அதில் ஏறிச் சறுக்கி, வேண்டிய பக்கம் நகரும். நின்ற தேரைக் கிளப்ப, பின்சக்கரத்துக்கு அடியில் நீண்ட மரத்தைக் கொடுத்து நெம்புவாங்க. கட்டை போடுறவர் உருளுகிற சக்கரத்துக்கு ஓரடி தூரத்தில் குனிஞ்சபடி பின்னாலேயே நகரணும். போட்ட கட்டையைச் சக்கரம் ஏறுறதுக்குள்ள கையை எடுத்துடணும். ஒரு நொடி பிசகினா கை போகும், கால் போகும், சில சமயம் உயிரே போகும்.

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்குங்க. அலங்காரத்தோட சுமார் 96 அடி உயரம், 300 டன். பழைய தேர் தீயில் எரிஞ்சுபோய், புதுத்தேர் 1930-ல் ஓடியது. 1948-க்கு அப்புறம் நின்னுபோச்சு. 1970-ல்தான் மறுபடி ஓடியது. இப்போ இரும்பு அச்சு, திருச்சி பெல் நிறுவனத்தோட ஹைட்ராலிக் பிரேக், பின்னால் தள்ள புல்டோசர் எல்லாம் உண்டு. ஆனா வீதி முனையில் திருப்பும்போது சக்கரத்துக்கடியில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடும், கூடவே கட்டையோட ஆளும் இல்லாம வேலை நடக்காது. பிரேக்குக்கு நிறுத்த மட்டும்தான் தெரியும். எங்கே நிறுத்தணும்னு அந்த ஆளுக்குத்தான் தெரியும்.

வீராம்பட்டினத்துக்கு வருவோம். ஆடி மாசத் தேரோட்டத்தில் ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது பிரெஞ்சு காலத்து வழக்கம். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. வழக்கம் மட்டும் மாறலை, இப்போ துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். கவர்னர்கள் வந்தாங்க, போனாங்க, வடம் பிடித்தவர் படம் பேப்பரில் வரும். சரி, தேர் நிலைக்கு வந்து சேருகிற கடைசிப் பத்தடிக்கு யார் பொறுப்பு? படத்தில் இல்லாதவர். கவர்னர் இழுத்தாலும் ஊரே கூடி இழுத்தாலும், தேர் எங்கே போகணும்னு முடிவு பண்றவர் கீழே குனிஞ்சு நிக்கிற அந்த ஆள்தான்.

இதில் நம்ம மொழி செஞ்சதுதான் பெரிய அநியாயம். நல்ல காரியத்தைக் கெடுக்கிறவனை 'முட்டுக்கட்டை போடுறான்'னு சொல்றோம். உண்மையில் கட்டை போட ஆள் இல்லாத தேர் திண்ணையில ஏறும், இல்லை கூட்டத்தில் ஏறும்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. 2022 ஏப்ரல் 27 விடியற்காலை, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் ஒரு திருப்பத்தில் திரும்பும்போது உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் செத்தாங்க, அதில் சிறுவர்களும் உண்டு. தேருக்கு ஆபத்து நேர் வீதியில் கம்மி, முனையில்தான் அதிகம். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்துகிட்டே போகுது, கம்பி அதே இடத்தில் தொங்குது. வடம் பிடிக்க யாரைக் கூப்பிடலாம்னு கூட்டம் போடுற கமிட்டிகள், முனையில் மேலே பார்க்க ஒருத்தர், சக்கரத்தைப் பார்க்க ரெண்டு பேர்னு முதல்லயே எழுதி வச்சா எவ்வளவோ உயிர் மிஞ்சும். கட்டை போடுறவங்களுக்கு இன்ஷூரன்ஸும் எடுத்துட்டா இன்னும் நல்லது.

அடுத்த தடவை யாராவது உங்களை 'முட்டுக்கட்டை'னு திட்டினா கோச்சுக்காதீங்க. பாராட்டுன்னு எடுத்துக்குங்க :-)

கொசுறு: முட்டுக்கட்டையைத் தெற்கத்திப் பக்கம் சறுக்குக்கட்டைன்னும், நெம்புறதைத் 'தடி போடுறது'ன்னும் சொல்வாங்க. உங்க ஊர்ல என்ன பேர்? பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே, சேர்த்து வைப்போம்.