மருதமுனைத் தறியும் நாலு பெட்டிக் கடதாசியும்

கோமாரியிலிருந்து ஏ4 வீதியால வடக்கே போனால் திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை எல்லாம் தாண்டி மருதமுனை வரும். நெசவுக்குப் பேர்போன ஊர். எங்கட பக்கம் நல்ல சாரம் என்றால் மருதமுனைச் சாரம்தான்.

உயர்தரத்தில் வணிகக் கல்வி படித்தவர்களுக்கு 'சுவொட்' தெரிந்திருக்கும். ஒரு கடதாசியை நாலாகப் பிரித்து பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று எழுதுவது. 1960களில் அமெரிக்காவில் பெரிய கம்பனிகளின் நீண்டகாலத் திட்டமிடலுக்காக வளர்ந்த முறை இது. சோதனைக்காகப் பாடமாக்கும்போது ஒரு விசயத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். முதல் ரெண்டு பெட்டியும் தொழிலுக்கு உள்ளே இருப்பவை, மற்ற ரெண்டும் வெளியே இருப்பவை. எதை எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பதிலதான் எல்லாம் கிடக்கு.

மருதமுனைக்கு இந்தக் கடதாசியை 1975ல் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? 1970ல் வந்த சிறிமாவோ அரசாங்கம், அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதியை இறுக்கிப் பிடித்த காலம் அது. வெளிநாட்டுத் துணி கடையில் கிடைப்பது கஷ்டம். நம்ம பெரியவர்கள் அந்தக் காலத்தைப் பாண் வரிசையோடதான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் தறிக்காரருக்கு அது நல்ல காலம். நெய்தது விலைபோகும். 'பலம்: நல்ல விற்பனை' என்று யாரும் யோசிக்காமலே எழுதியிருப்பார்கள்.

பிழை அந்த இடத்திலதான். விற்பனை தறிக்குள் இருந்த பலம் இல்லை. கொழும்புத் துறைமுகத்தில் போட்டிருந்த பூட்டு அது. சாவி வேற ஆட்களின் கையில்.

1977 ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்தன வென்றார். அந்த வருசம் நவம்பரில் நிதியமைச்சர் ரொனி டி மெல்லின் வரவுசெலவுத் திட்டம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. விசைத்தறியில் மளமளவென்று ஓடிய வெளிநாட்டுத் துணிக்கு முன்னால, ஒரு ஆள் காலால மிதித்துக் கையால நெய்கிற துணி விலையில் நிற்குமா? நாடு முழுக்கக் கைத்தறி சரிந்தது. தறிக்காரர் சோம்பேறியாகிவிடவில்லை, கைவண்ணமும் குறையவில்லை. பூட்டுத் திறந்தது, அவ்வளவுதான்.

அப்ப உண்மையான பலம் எது? என் கணக்கில், பூட்டுப் போனபிறகும் மிஞ்சியது எதுவோ அதுதான். சாயம் ஏற்ற, பாவு ஓட்ட, கரை போடத் தெரிந்த கைகள். வீட்டோடு தறி என்பதால் பெண்களும் சேர்ந்து செய்கிற வேலை. பிறகு அந்த ஊர்ப் பேர். 2004 டிசம்பர் 26ல் சுனாமி மருதமுனையை மோசமாக அடித்தது, வீட்டோடு தறியும் போனது. தறியைத் திரும்ப அடிக்கலாம். நெய்யத் தெரிந்த ஆளைத் திரும்பச் செய்ய ஏலாது. பலப் பெட்டியில் ஆட்களை முதலில் எழுதச் சொல்வது அதனாலதான்.

பலவீனம் எழுதுவது இன்னும் கஷ்டம், ஏனென்றால் அது நல்ல காலத்தில் கண்ணுக்குத் தெரியாது. மருதமுனையில் பருத்தி விளைவதில்லை. நூலும் சாயமும் வெளியிலிருந்து வரவேணும்.

2020ல் அந்தப் பழைய பூட்டு பாதி திரும்பி வந்தமாதிரி இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. பத்திக், கைத்தறிக்கென்று தனியாக ஒரு இராஜாங்க அமைச்சும் வந்தது. 'வாய்ப்பு' என்று எழுதத்தான் தோன்றும். ஆனால் 2022ல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், சில மாதங்களுக்குள் 360க்குப் போனது. சாரத்தை இங்கேதான் நெய்கிறோம், நூலை டொலரில்தான் வாங்குகிறோம்.

இப்ப மருதமுனையில் ஒரு பிள்ளை பட்டம் முடித்துவிட்டு வாப்பாவின் தறியை எடுக்கிறதா, கட்டாருக்குப் போறதா என்று யோசித்தால், கடதாசியில் முதலில் நிரப்பவேண்டியது நூல் விலைதான். முகநூலில் சாரம் விற்கிற கணக்கை அதற்குப் பிறகு போடலாம்.