வைலே வட்டாரத் தீப்பாறைகள்

டென்மார்க்கின் ஜட்லாந்துத் தீபகற்பத்தில், கிழக்குக் கரையை ஒட்டி நீளும் ஒடுங்கிய கடற்கழியின் தலைப்பில் இருக்கிறது வைலே நகரம். சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் களிமண், மணல், சரளை. தீப்பாறையில் ஒரு முழ அகலத் தாய்ப்பாறைகூட நிலத்துக்கு மேல் தலைகாட்டுவதில்லை. கிரீன்லாந்தையும் ஃபரோ தீவுகளையும் கழித்துவிட்டால், டென்மார்க்கில் பழங்காலக் கிரானைட்டை அது பிறந்த இடத்திலேயே பார்க்க ஒரே ஒரு தீவுதான் உண்டு: பால்டிக் கடலில் உள்ள போர்ன்ஹோல்ம். அங்குள்ள கிரானைட்டுகளின் வயது ஏறத்தாழ 145 கோடி ஆண்டுகள்.

இருந்தும் வைலேயில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. உழுத வயலின் ஓரத்தில், கடற்கரையில், 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயச் சுவர்களில், அதற்கும் பல ஆயிரம் ஆண்டு மூத்த கல்திட்டைகளில் என எங்கும் அது கிடைக்கிறது. எல்லாமே பனி கொண்டுவந்து போட்டவை. ஆகவே இவ்வட்டாரத் தீப்பாறைகளின் வரலாறு இரண்டு தனிக் கிளைகளாக ஓடுகிறது. மேலே கிடக்கும் வந்தேறிக் கற்களின் வரலாறு ஒன்று. ஒரு கிலோமீட்டருக்கும் கீழே புதைந்து கிடக்கும் அடித்தளப் பாறையின் வரலாறு மற்றொன்று.

வந்தேறிக் கற்களில் புகழ்பெற்றது வைலேக்கு வடமேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் யெல்லிங் என்ற ஊரில் நிற்கிறது. ஹரால்ட் புளூடூத் மன்னர் தம் பெற்றோர் நினைவாக 960களில் எழுத்துப் பொறித்து நிறுத்திய கல் அது. கைபேசியில் நாம் தினமும் தட்டும் புளூடூத்துக்குப் பெயர் தந்தவரும் இவர்தான். மும்முகம் கொண்ட அந்தக் கிரானைட் பாறை 2.43 மீட்டர் உயரம், ஏறத்தாழ 10 டன் எடை. யெல்லிங் வளாகம் 1994இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது; 2011இல் கற்களுக்குக் கண்ணாடிக் கூண்டும் வந்தது. வரலாற்று நூல்கள் இந்தக் கல்லின் வயதாக ஓராயிரம் ஆண்டைச் சொல்கின்றன. நிலவியலாளர் கணக்கில் அது உளி பட்ட தேதி மட்டுமே. ஜட்லாந்தில் சிதறிக் கிடக்கும் கிரானைட்டுகளில் பெரும்பாலானவை 190 கோடி முதல் 90 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்தவை. அவை இங்கே வந்து சேர்ந்தது வேறொரு தேதி.

அந்த வருகையைப் பற்றித்தான் 19ஆம் நூற்றாண்டு முழுக்கச் சண்டை நடந்தது. டென்மார்க் நிலவியலின் தந்தை எனப்படும் யோஹான் கியோர்க் ஃபோர்க்ஹாமர் பெருவெள்ளம் உருட்டி வந்தது என்றார். சார்ல்ஸ் லயல், கடலில் மிதந்த பனிமலைகள் சுமந்து வந்து இறக்கின என்றார். நிலத்தின் மேலேயே பனி பரவியிருந்தது என்று ஜட்லாந்தில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய யென்ஸ் எஸ்மார்க் 1824லேயே எழுதியிருந்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1875இல் ஸ்வீடன் நாட்டு ஓட்டோ டோரெல், பெர்லினுக்கு அருகே ரூடர்ஸ்டோர்ஃபில் சுண்ணப்பாறை மேல் பனி கீறிய வரிகளைக் காட்டிய பிறகே நிலப்பனிக் கொள்கை நிலைபெற்றது. கடைசிப் பனியூழியில் பனிப்பாளம் நெடுங்காலம் நின்ற விளிம்பை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்து காட்டியவர் நீல்ஸ் விகோ உஸ்ஸிங். அந்தக் கோடு வைலேக்கு மேற்கே தெற்கு வடக்காக ஓடுகிறது. கோட்டுக்கு மேற்கே தட்டையான மணல்வெளி. கிழக்கே, வைலே பக்கம், கல் நிறைந்த குன்றுகள். தீப்பாறைத் துறையிலும் உஸ்ஸிங் பெரிய ஆள். கிரீன்லாந்தின் இலிமௌசாக் பாறைத்தொகுதி பற்றிய அவருடைய ஆய்வு, 1911இல் அவர் இறந்த பின் வெளிவந்து, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

பனிதான் கொண்டுவந்தது என்று ஏற்றுக்கொண்டதும் அடுத்த கேள்வி எழுந்தது: எங்கிருந்து? பல்லாவரத்துச் சார்னோக்கைட்டை ஆராய்கிறவருக்குப் பாறை நிற்கும் இடமே பாதி விடை. அக்கம்பக்கப் பாறை எது, எதை எது ஊடுருவியது என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். வைலே வயலில் கிடக்கும் கல், ஊர் பெயர் தெரியாமல் சந்தையில் தொலைந்த குழந்தை மாதிரி. முகச்சாயலை வைத்துத்தான் பெற்றவரைத் தேட வேண்டும். பெரும்பாலான கிரானைட்டுகளில் அப்படித் தனித்த சாயல் கிடையாது. பனி வந்த வழியில் ஓரிடத்தில் மட்டுமே வெளித்தெரியும் சில பாறைகள் அடையாளம் காட்டிக்கொடுக்கும். அவற்றை டேனிஷ் நிலவியலாளர் வழிகாட்டிக் கற்கள் என்கிறார்கள். வி. மில்தர்ஸ் 1909இல் இவற்றின் பரவலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வோரிடத்திலும் ஓஸ்லோ வகை எத்தனை, டாலார்னா வகை எத்தனை, பால்டிக் வகை எத்தனை என்று கல்லை எண்ணி, பனி வந்த திசையைக் கணித்தார். எளிய முறை, கடும் உழைப்பு.

அந்தக் கற்களில் ஓஸ்லோ வகையான ரோம்ப் போர்ஃபிரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செம்பழுப்பு அல்லது சாம்பல் ஊதா நிறத்தில் நுண்ணிய மாவு போன்ற தளம். அதில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், சாய்சதுரமாகவோ ஓடம் போலவோ வெட்டுண்ட வெளிறிய ஃபெல்ஸ்பார் படிகங்கள். ஈரம் பட்டால் படிகங்கள் எடுப்பாகத் தெரியும். ஆழத்தில் பாறைக்குழம்பு மெதுவாக ஆறியபோது வளர்ந்தவை அந்தப் படிகங்கள். பின்பு குழம்பு வெடிப்பு வழியே மேலேறி லாவாவாகப் பரவி, மிச்சம் சட்டென்று உறைந்ததில் நுண்தளம் அமைந்தது. ஓஸ்லோ வட்டாரத்தில் இத்தகைய லாவா அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, எண்ணிட்டு அழைக்கப்படுகின்றன. கிளிமஞ்சாரோவிலும் ஒத்த பாறை உண்டு. அதுவும் கண்டம் பிளக்கும் இடத்து எரிமலைதான்.

ஓஸ்லோப் பிளவு ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் திறந்தது. தெற்கே ஐரோப்பாவில் கண்டங்கள் மோதி மலையெழுந்து ஓய்ந்த காலம். மோதலின் அழுத்தம் தளர, வடக்கே புவியோடு இழுபட்டு மெலிந்தது. அடியிலிருந்து குழம்பு மேலேறியது. சில கோடி ஆண்டுகளில் இழுவை நின்றுவிட்டது, பிளவு கடலாகவில்லை. ஒடிசாவின் தால்ச்சேரில் கிடைக்கும் பனிக்காலக் கற்படிவங்களும் ஏறக்குறைய அதே காலத்தவை. ஓஸ்லோவில் லாவா ஓடியபோது நம் நிலம் பனிக்கடியில் இருந்தது.

பாறைகளின் வயதை ஆண்டுக்கணக்கில் சொல்லும் கலையும் இதே ஓஸ்லோ வட்டாரத்தோடு தொடர்புடையது. 1911இல், 21 வயதில், ஆர்தர் ஹோம்ஸ் லண்டனில் நார்வேப் பாறை ஒன்றின் கனிமங்களில் யுரேனியமும் ஈயமும் எவ்வளவு என்று அளந்து, 37 கோடி ஆண்டு என்று அறிவித்தார். அந்தப் பாறை டெவோனியக் காலத்தது என்று அன்று கருதப்பட்டதால் எண் பொருந்தியதாகவே தோன்றியது. ஐசோடோப்புகள் பற்றிய தெளிவே அப்போது வரவில்லை. ஓஸ்லோ எரிமலைப் பாறைகளுக்கு அடியிலுள்ள படிவுகளில் பெர்மியன் காலப் புதைபடிவங்களை 1931இல் ஓலாஃப் ஹோல்டெடால் கண்டறிந்தபோது, டெவோனியம் என்ற மதிப்பீடே சரிந்தது. சிர்க்கான் என்ற கனிமத்தில் எடுத்த இன்றைய அளவீடுகள் 30 கோடியை ஒட்டியே நிற்கின்றன. எண் பிழைத்தாலும் ஹோம்ஸின் வழி பிழைக்கவில்லை. இப்போதும் யுரேனியம்–ஈயக் கடிகாரத்தைத்தான் நம்புகிறார்கள்.

மற்ற வழிகாட்டிக் கற்கள் இன்னும் மூத்தவை. ஸ்வீடனின் ஸ்மோலாந்துச் செங்கிரானைட்டும் டாலார்னாப் போர்ஃபிரியும் ஒரே பெரும் பட்டையைச் சேர்ந்தவை. 185 கோடி முதல் 165 கோடி ஆண்டுகளுக்கு முன், அன்றைய கண்டத்தின் மேற்கு விளிம்புக்கு அடியில் கடல்தளம் செருகிச் சென்றபோது, இன்றைய ஆண்டிஸ் மலைகளில் நடப்பது போலவே, விளிம்பு நெடுக உருவானவை. பால்டிக் கடலின் ஓலாந்துத் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 800 கி.மீ. பயணம் செய்து வந்த ரபாகிவிக் கிரானைட்டின் கதை வேறு. உருண்டைச் செந்நிற ஃபெல்ஸ்பாரைச் சுற்றி வெளிறிய வளையம் கட்டியிருக்கும் இந்தக் கல், சுமார் 158 கோடி ஆண்டுகளுக்கு முன், மலையெழுச்சி ஓய்ந்து வெகுகாலம் கழித்து, கண்டத்தின் உள்ளேயே பிறந்தது. மேன்டிலிலிருந்து வந்த சூடான குழம்பு அடியில் தேங்கி, கீழ்ப்புவியோட்டையே உருக்கியதன் விளைவு என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நார்வே, மத்திய ஸ்வீடன், பால்டிக் என வெவ்வேறு திசையிலிருந்து பனி வந்ததால், ஒரே கடற்கரையில் இந்த மூன்று வகையும் கலந்து கிடக்கின்றன.

வந்திறங்கிய தேதியையும் இப்போது கல்லிலேயே படிக்கிறார்கள். பாறையின் மேற்பரப்பு திறந்த வெளியில் விண்கதிர் பட்டுக்கொண்டிருந்தால் குவார்ட்ஸில் பெரிலியம்-10 சேரும். டென்மார்க்கின் பெருங்கற்களில் அதை அளந்து, கடைசிப் பனிப்பாளம் பின்வாங்கத் தொடங்கியது ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்திருக்கிறார்கள். பிறந்த வயது சிர்க்கானில், வந்த வயது குவார்ட்ஸில்.

இனி, கீழே. வைலே வட்டாரத்துக்கு அடியில் ரிங்கோபிங்–ஃபூன் மேடு என்ற அடித்தள உயர்வு கிழக்கு மேற்காகச் செல்கிறது. எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் ஃபூன் தீவின் கிளாம்ஸ்பியர்கில் ஒரு கிலோமீட்டருக்குள்ளும், வைலேக்கு மேற்கே கிரின்ஸ்டெட்டில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கீழேயும் இந்தப் பழம்பாறையைத் தொட்டார்கள். தென்மேற்கு ஸ்காண்டிநேவியாவை 114 கோடி முதல் 90 கோடி ஆண்டுகளுக்கு முன் புரட்டிப்போட்ட ஸ்வெகோ–நார்வே மலையெழுச்சியின் தொடர்ச்சியாக இது கருதப்படுகிறது.

வைலேக்கு வடக்கே சில்கபோர்க் பகுதியில் ஈர்ப்புவிசை இயல்புக்கு மேல் எகிறுவது வெகுநாளாகத் தெரிந்த புதிர். 2004க்குப் பின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தினர் வெடிவைத்து நில அதிர்வு அலைகளைப் பதிவுசெய்ததில், ஏறத்தாழ 10 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் அடர்த்தியான கருநிறத் தீப்பாறைப் பெருந்திரள் ஒன்று துலங்கியது. ஓஸ்லோவைப் பிளந்த அதே இழுவையின்போது டென்மார்க்குக்கு அடியில் தேங்கி ஆறிய குழம்பு என்று அதை விளக்குகிறார்கள். அந்த ஆழத்துக்கு எந்தத் துளையும் இறங்கவில்லை. அதனால் அதற்குச் சொல்லப்படும் 30 கோடி ஆண்டு வயது சிர்க்கானில் அளந்தது அல்ல, ஓஸ்லோப் பாறைகளோடு ஒப்பிட்டுப் பெற்ற அனுமானம்.