சுவரோடு சுவராகிப் போன வண்ணம்

பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் ஊர்களில் நெடுநாள் பழக்கம். சுண்ணாம்பு ஓரிரு மழைக்காலம் தாங்கும், பிறகு கரையத் தொடங்கும். அதனால்தான் மறுபடி மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது. வெயிலும் மழையும் படும் வெளிச்சுவரில் ஒருமுறை பூசிய வண்ணம் நூறு வருடம் நிற்க முடியுமா?

முடியும் என்று நிரூபித்தவர்கள் ஜெர்மனியின் பவேரியாவில் இருந்தார்கள். ஆனால் அதற்கு முன் அங்கே ஒரு மன்னரின் கனவே மழையில் கரைந்தது!

மன்னரின் ஆசை

1825 முதல் 1848 வரை பவேரியாவை ஆண்டவர் முதலாம் லுட்விக். இவருக்கு இத்தாலி என்றால் உயிர். 1827இல் ரோம் நகரில் வில்லா மால்ட்டா என்ற மாளிகையையே விலைக்கு வாங்கினார். இத்தாலியச் சுவர்களில் கண்ட ஃப்ரெஸ்கோ ஓவியங்கள் தன் தலைநகரான மியூனிக்கிலும் வேண்டும் என்று விரும்பினார்.

ஃப்ரெஸ்கோ என்பது என்ன? ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மேல், தண்ணீரில் மட்டும் குழைத்த வண்ணப் பொடியால் வரைவது. பூச்சு காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகும். வண்ணத்துகள்கள் அந்தக் கல்லுக்குள் சிறைப்பட்டுவிடும். பசையோ எண்ணெயோ தேவையில்லை.

மன்னர் பணத்தைக் கொட்டினார். அரண்மனைத் தோட்டத்தின் தூண் மண்டபத்தில் கார்ல் ராட்மேன் 28 இத்தாலியக் காட்சிகளை வரைந்தார். 1853இல் திறக்கப்பட்ட நோயே பினகோதெக் என்ற ஓவியக் காட்சிசாலையின் வெளிச்சுவர்களிலோ வில்ஹெல்ம் ஃபான் கவுல்பாக் தீட்டிய மாதிரிகளைப் பார்த்துப் பெரும் ஓவியங்கள் வரையப்பட்டன.

வானம் கொடுத்த தீர்ப்பு

மியூனிக் இருப்பது ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே. அங்கே குளிர்காலத்தில் சுவரின் நுண்துளைகளில் புகுந்த நீர் பனிக்கட்டியாகும். பனிக்கட்டியானால் நீரின் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். பூச்சு உள்ளிருந்தே உடையும். நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகமும் சேர்ந்தால் இன்னும் மோசம். அது சுண்ணாம்பை ஜிப்சமாக மாற்றும். ஜிப்சம் சுண்ணாம்புக் கல்லைவிட எளிதில் நீரில் கரையும்.

காட்சிசாலையின் வெளிச்சுவர் ஓவியங்கள் மங்கி உதிர்ந்தன. கட்டடத்துக்குள் பத்திரமாக இருந்த கவுல்பாக்கின் எண்ணெய் வண்ண மாதிரிகள் மட்டும் தப்பின. அந்தப் பழைய கட்டடமே இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் சிதைந்துவிட்டது.

ஓவியர்களின் திறமையில் குறையில்லை. ஓர் ஊரின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் வேறு வானிலையில் வைத்ததுதான் தவறு.

திரவக் கண்ணாடி

இதே பவேரியாவில் யோஹான் நெப்போமுக் ஃபான் ஃபுக்ஸ் என்ற கனிமவியல் பேராசிரியர் இருந்தார். அவர் 1818 வாக்கில் மணலையும் பொட்டாஷையும் சேர்த்து உருக்கி, நீரில் கரையக்கூடிய ஒரு வகைக் கண்ணாடியைச் செய்தார். அதன் பெயர் நீர்க்கண்ணாடி. வேதியியலில் பொட்டாசியம் சிலிக்கேட்.

சுவரில் வண்ணத்தைத் தீட்டிவிட்டு அதன் மேல் நீர்க்கண்ணாடியைத் தெளித்தால் படம் கல்லைப்போல இறுகும் என்று எதிர்பார்த்தார்கள். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வரைந்துகொண்டிருந்த டேனியல் மக்லீஸ் 1859இல் ஜெர்மனி போய் இந்த முறையைக் கற்று வந்தார். வாட்டர்லூ போர்க்களத்தில் வெலிங்டனும் புளூஹரும் சந்திக்கும் அவருடைய பெரிய ஓவியம் 1861இல் முடிந்தது. ஆனால் சுவருக்கு உள்பக்கம் இருந்தும் அதுவும் மங்கியது. வண்ணப் பொடி ஒவ்வொன்றும் நீர்க்கண்ணாடியோடு ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டதால் பிடிப்பு சீராக அமையவில்லை.

கீம் கண்ட வழி

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அடால்ஃப் வில்ஹெல்ம் கீம் (1851-1913). மன்னர் லுட்விக்கே இவரை அழைத்து இந்த வேலையைக் கொடுத்தார் என்று எழுதுபவர்கள் உண்டு. ஆண்டுகளைப் பார்த்தால் அது பொருந்தாது. மன்னர் 1868இல் இறந்தபோது கீமுக்கு வயது பதினேழைத் தாண்டவில்லை!

காரத்தைத் தாங்கும் கனிம வண்ணங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றோடு தகுந்த கனிமப் பொடிகளையும் சேர்த்து, நீர்க்கண்ணாடியோடு ஒரே சீராக வினைபுரியும்படி செய்தார் கீம். 1878இல் காப்புரிமை பெற்றார்.

சாதாரண எண்ணெய் பெயின்ட் சுவரின் மேல் ஒரு தோல்போல ஒட்டிக்கொள்ளும். சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அந்தத் தோலைத் தள்ளும். கொப்புளம் வரும், பிறகு உரியும். கீமின் வண்ணமோ பூச்சுக்குள் ஊறி, அங்குள்ள சுண்ணாம்போடும் மணலோடும் வினைபுரிந்து கல்லாகிறது. நுண்துளைகள் அடைபடுவதில்லை. ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. கனிம வண்ணம் என்பதால் வெயிலிலும் எளிதில் வெளுப்பதில்லை.

சுவிட்சர்லாந்தின் ஷ்வைஸ் நகர மன்றக் கட்டடத்தின் முகப்பில் 1891இல் இம்முறையில் வரைந்த ஓவியம், ஆல்ப்ஸ் மலையின் பனியைத் தாங்கி நூற்றாண்டு கடந்தும் நின்றது.

ஒரு நிபந்தனை

இந்த வண்ணம் எல்லாச் சுவரிலும் பிடிக்காது. பழைய எண்ணெய் பெயின்டோ பிளாஸ்டிக் பெயின்டோ இருந்தால் அதை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். வினைபுரிய அடியில் கனிமம் இருந்தாக வேண்டுமே! ஜன்னல் கண்ணாடிகளையும் மூடி வைக்க வேண்டும். மேலே தெறித்தால் கண்ணாடியை அரித்துத் தழும்பாக்கிவிடும்.

சுவருக்கு வண்ணம் பூசும்போது எத்தனை கோட், எவ்வளவு கனம் என்றுதான் பொதுவாக யோசிக்கிறோம். பவேரியாவின் அனுபவம் வேறு கேள்விகளை முன்வைக்கிறது. இந்தச் சுவர் எதனால் ஆனது? இதற்குள் போகும் ஈரம் எந்த வழியாக வெளியே வரும்? மன்னரின் பணத்தாலும் பெரிய ஓவியர்களின் கையாலும் முடியாத காரியம், இவற்றுக்கு விடை கண்ட பிறகே முடிந்தது. நீடித்து நின்றது, சுவரோடு சேர்ந்து தானும் சுவராகிப் போன வண்ணம்தான்.