துயரைக் கேட்கும் சபை: போர்க்கால யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் படைப்பும்

கவிதை எழுதினால், நாடகம் போட்டால் நெஞ்சின் பாரம் இறங்கும் என்பதைப் பல்கலைக்கழக உளவளத்துணையில் ஈடுபடுவோர் பலர் ஐயமின்றி ஏற்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் போர்க்கால அனுபவம் இந்த நம்பிக்கைக்குப் பாதித் துணையே தருகிறது. ஒருவர் படைத்ததை அச்சமின்றிச் சொல்லவும் கேட்கவும் ஒரு சபை இருந்தால்தான் பாரம் இறங்கும் என்பது என் வாதம்.

1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர்கள் குடாநாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்றார்கள். சுற்றிவளைப்பும் கைதும் அன்றாடமாகிவிட்ட காலம் அது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வீட்டுக்குள் அடக்கிவைத்த அழுகைக்கு அயலாரோடு அமர்ந்து பார்த்த அரங்கில் இடம் கிடைத்தது. இது நமக்குப் புதிதன்று. செத்தவீட்டில் ஒப்பாரியை யாரும் தனித்துச் சொல்வதில்லை. தோளைக் கட்டிக்கொள்ள இன்னொருத்தி வேண்டும். போரின் உளப்பாதிப்பைக் கூட்டு மனவடுவாகவும் ஆராய்ந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மரபுச் சடங்குகளின் ஆற்றுப்படுத்தும் வலிமையை வற்புறுத்தியது இதனால்தான் முக்கியமாகிறது. நடித்த மாணவருக்கும் இதில் பங்குண்டு. பிறர் துயரை நாள்தோறும் உடலில் ஏற்றிப் பழகியவருக்குத் தம் துயர் தமக்கு மட்டுமே உரியதாகத் தோன்றாது.

ஆனால் அந்தச் சபை எல்லாத் துயரையும் கேட்கவில்லை. எதிரி இழைத்த கொடுமையைப் பேச அங்கு இடமிருந்தது. நம்மவர் இழைத்ததைப் பேச இடம் குறுகிக்கொண்டே போனது. உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம எல்லாத் தரப்பு வன்முறையையும் பதிவுசெய்தவர். 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். நாடகமும் அரங்கியலும் பயின்ற கவிஞர் செல்வி 1991இல் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவேயில்லை. அதே ஆண்டு மே மாதத்தில், பல்கலைக்கழக மாணவியான கவிஞர் சிவரமணி தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அம்மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது அறமாகாது. எனினும், படைப்பாற்றல் தன்னளவிலேயே ஒருவரைக் காத்துவிடும் என்று அதற்குப் பிறகும் சொல்வது எனக்கு ஏற்புடையதன்று.

மறுப்பு ஒன்று எழலாம். அந்த ஆண்டுகளிலும் யாழ்ப்பாணத்தில் அரங்கு இயங்கியதே. போர் விளைத்த உளச்சிதைவையே பொருளாகக் கொண்டு சண்முகலிங்கம் ‘அன்னை இட்ட தீ’ எழுதினாரே? உண்மைதான், அந்த அரங்கு பலரைத் தாங்கியும் இருக்கும். ஆனால் அனுமதிக்கப்பட்ட துயருக்கு மேடை கிடைக்கும்போது, அனுமதிக்கப்படாத துயரைச் சுமப்பவரின் தனிமை கூடுகிறது. ஊரே அழும்போது தன் அழுகையை மட்டும் மறைக்க வேண்டியிருப்பது தனியறையில் அழுவதிலும் கொடியது. நெருக்கடிக் காலத்தில் கலைவிழாக்களின் தொகையைக் கொண்டு வளாகத்தின் உளநலத்தை அளக்கும் நிர்வாகங்கள் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

சிவரமணியின் கவிதைகளில் இன்று நம்மிடம் இருப்பவை, அவர் கைக்கு எட்டாதபடி முன்பே பிறரிடம் போய்ச் சேர்ந்திருந்தவை. சித்திரலேகா மௌனகுரு அவற்றைத் தொகுத்து நூலாக்கினார்.