கல்லு வைக்கிறது யார்? கியரில் விட்டு நிறுத்தும் பழக்கத்தின் கதை

மலைநாட்டு ஏற்றமொன்றில் பாரம் ஏற்றின லொறி நின்றால், பல நேரம் முதலில் இறங்குவது சாரதி இல்லை, உதவியாள்தான். கையில ஒரு கட்டை, இல்லாட்டி ரோட்டோரத்தில கிடக்கிற ஒரு கல்லு. அதைப் பின்டயருக்கு அண்டை வைத்த பிறகுதான் சாரதி பிரேக்கிலிருந்து காலை எடுப்பார்.

கார் பழகப் போனவர்களுக்கு இதே வேலையை வேறு மாதிரிச் சொல்லித்தருவார்கள். ஹாண்ட் பிரேக்கை இழு, பிறகு கியரில் விடு. மேடு பார்த்து நின்றால் ஃபர்ஸ்ட் கியர், பள்ளம் பார்த்து நின்றால் ரிவேர்ஸ். ஏன் எண்டு கேட்டால் "அப்பிடித்தான் விடவேணும்" என்பதுதான் அநேகமாகக் கிடைக்கிற பதில். ஆனால் அந்த "அப்பிடித்தான்" என்பதற்குப் பின்னால் நூறு வருசத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. நிற்கிற வாகனத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியின் வரலாறு அது.

ஆரம்பகாலக் கார்களின் பிரேக்கை நம்பி ஏற்றத்தில் நிற்க முடியாது. பல கார்களில் பிரேக் பின்சில்லுகளுக்கு மட்டும்தான். அதனால் சிலவற்றின் அடியில் ஒரு முட்டுக்கோல் பொருத்தியிருந்தார்கள். ஏற்றத்தில் அதை இறக்கிவிட்டால், கார் பின்னுக்கு உருளப் பார்க்கும்போது கோலின் முனை மண்ணில் குத்தி நிற்கும். உதவியாள் வைக்கும் கல்லைக் காரோடு சேர்த்துக் கட்டிவிட்டதுபோலத்தான்.

கியர் ஒரு பூட்டாக எப்படி வேலை செய்கிறது? எஞ்சின் நின்றிருக்கும்போது கியரில் விட்டால், சில்லு சுற்றுவதற்கு எஞ்சினையும் சேர்த்துச் சுற்ற வேணும். சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றும் உள்ளே இருக்கிற உராய்வும் அதைத் தடுக்கும். ஃபர்ஸ்ட்டிலும் ரிவேர்ஸிலும் இந்தத் தடை கூட. டொப் கியரில் விட்டால் பெரிய பிரயோசனம் இல்லை. அடைபட்ட காற்று மெதுமெதுவாகக் கசியும் என்பதால், செங்குத்தான இடத்தில் கியர் மட்டும் போதாது. ஹாண்ட் பிரேக்கும் வேணும், கியரும் வேணும். ஒன்று கைவிட்டால் மற்றது பிடிக்கும்.

இப்படி நல்ல பூட்டு இருந்தும், காரைக் கைபிடி போட்டு முன்னால் நின்று சுற்றி ஸ்டார்ட் பண்ணின காலத்தில் கியரில் விடுவது ஆபத்தான காரியம். கியரில் இருப்பதை மறந்து சுற்றினால், கார் பாய்வது சுற்றுகிறவரின் மேல்தான். 1908இல் வந்த ஃபோர்ட் மொடல் டி இதற்கு நல்ல உதாரணம். அதன் கைநெம்பை முழுதாகப் பின்னுக்கு இழுத்தால் இரண்டு வேலை ஒன்றாக நடக்கும்: பின்சில்லு பிரேக் பிடிபடும், கியரும் நியூட்ரலில் நிற்கும். இழுக்க மறந்தால் கார் ஆளை இடித்துத் தள்ளும். குளிர்காலத்தில் இழுத்திருந்தாலும் முழு நிம்மதி இல்லை. எண்ணெய் தடித்து கிளச் முழுதாக விலகாததால், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் கார் முன்னுக்கு ஊரப் பார்க்கும். அதனால் ஒரு பின்சில்லை ஜக் போட்டுத் தூக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணினவர்களும் உண்டு.

1912 கடிலக் கார்களில் சார்ல்ஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அது பரவப் பரவ, சாரதி சீற்றில் இருந்தபடி கிளச்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணக்கூடியதாக இருந்தது. முன்னால் ஆள் நிற்கத் தேவை இல்லை. கியரில் விட்டு நிறுத்துவது பயமில்லாத பழக்கமாக மாற இது ஒரு முக்கிய காரணம்.

சில இடங்களில் நிறுத்தும் பழக்கம் சட்டமாகவே ஆனது. மலைச்சரிவுகளில் கட்டப்பட்ட சான் பிரான்சிஸ்கோவில் 3 சதவீதத்துக்கு மேல் சரிவான வீதியில் நிறுத்தினால், முன்சில்லைத் திருப்பி நடைபாதைக் கல்லில் முட்டவைக்க வேணும். இல்லாட்டி தண்டம். ரோட்டோரக் கல்லையே டயருக்கு வைக்கும் கல்லாக்கிவிட்டார்கள்.

பிறகு ஓட்டோ கியர் வந்தது. 1940 மொடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ராமெட்டிக் கியரில் இன்றைக்கு நாங்கள் பார்க்கிற 'பி' எழுத்து இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு ரிவேர்ஸுக்குத் தள்ளினால் கியர் பூட்டிக்கொள்ளும். புது இயந்திரத்துக்குள்ளும் பழைய பழக்கம் உயிரோடு இருந்திருக்கிறது, பாருங்கோ. சுவீடனின் சாப் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1960களின் கடைசியில் வந்த சாப் 99இல் சாவித்துவாரம் இரண்டு சீற்றுக்கும் நடுவில், கியர் நெம்புக்குப் பக்கத்தில் இருந்தது. மனுவல் காரை ரிவேர்ஸில் போடாமல் சாவியைக் கழற்ற முடியாது. மறந்துபோக வழியே இல்லை.

இதுவரைக்கும் கைக்கு ஒரு சாட்சி இருந்தது. நெம்பு எங்கே நிற்குது எண்டு தொட்டாலே தெரியும். பின்னால் வந்த சில வாகனங்களில் அதுவும் போனது. நெம்பைத் தள்ளிவிட்டால் அது திரும்ப நடுவுக்கே வந்து நிற்கும். எந்தக் கியரில் இருக்கிறது என்பதை விளக்கைப் பார்த்துத்தான் அறியவேணும். 'பி'யில் விட்டதாக நினைத்து இறங்கினவர்களின் வாகனங்கள் உருண்டன. 2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் இப்படியான நெம்புள்ள சுமார் 11 இலட்சம் வாகனங்களைத் திருத்தத்துக்காகத் திருப்பி அழைத்தது. அதே வருசம் ஜூனில், 27 வயது நடிகர் அன்டன் யெல்ச்சின் தன் வீட்டு வாசலில் தன்னுடைய ஜீப் உருண்டு வந்து நசுக்கி இறந்தார். அந்த ஜீப்பும் திருப்பி அழைக்கப்பட்ட வகைதான்.

இது மனுவல் பெரிசு, ஓட்டோ சிறிசு என்ற கதை இல்லை. எப்போதும் கியரில் விடுவதுதான் சரி என்றும் இல்லை. 2022 பெற்றோல் வரிசைகளில் எஞ்சின் போடாமல் வாகனங்களைத் தள்ளித் தள்ளி முன்னுக்குக் கொண்டுபோனோமே, அங்கே நியூட்ரலில் விட்டால்தான் வரிசை நகரும். சமதரை, பக்கத்தில் ஆட்கள், எல்லோருக்கும் கண் இருந்தது. ஆள் இல்லாத சரிவில் அந்தக் கண் இல்லை.

நிற்பது தானாக நடக்கிற விசயம் இல்லை, யாரோ செய்யவேண்டிய வேலை. உதவியாளிடமிருந்து சாரதியின் கைக்கும், கையிலிருந்து இயந்திரத்துக்கும் அந்த வேலை மாறியது. மாறும்போதெல்லாம் "மற்றவர் பார்த்திருப்பார்" என்ற ஒரு நினைப்பு இடையில் புகுந்துவிடுகிறது. ஆட்கள் நசுங்கிப்போவது அந்த இடைவெளிக்குள்தான்.

எங்கள் வீதிகளில் இப்ப ஓட்டோ கார்கள் நிறைய. அவற்றிலும் பழைய ஒழுங்கு பிரயோசனமானது. கால்பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு எடுத்து, ஹாண்ட் பிரேக்கை இழுங்கோ. காலை மெதுவாக எடுத்து வாகனம் அசையுதா எண்டு பாருங்கோ. பிறகு 'பி'யில் விடுங்கோ. 'பி' என்பது ஒரு பற்சில்லுக்குள் விழுகிற சின்னக் கொளுக்கி மட்டும்தான். முழுப் பாரத்தையும் அதன் தலையில போடத் தேவையில்லை.