உப்பை எழுதிய இளைஞர்

பெரியோரின் முதல் எழுத்துகளை நாம் பெரும்பாலும் தேடிப் பார்ப்பதில்லை. முதிர்ந்த மரத்தின் நிழலில் அமர்கிறோம். அது எந்த மண்ணில் முளைவிட்டது என்று கேட்பதில்லை. காந்தியடிகளின் எழுத்து முளைவிட்டது இலண்டன் மாநகரில்.

1888இல் சட்டம் பயிலக் கப்பலேறியபோது அவருக்கு வயது 18. தாயகத்தில் இருந்தவரை செய்தித்தாள் படித்ததே இல்லை என்று தம் தன்வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்கிறார். இலண்டனில்தான் நாள்தோறும் ஏடுகளைப் படிக்கும் பழக்கம் வந்தது. அங்கிருந்த மரக்கறி உணவாளர் சங்கத்தில் சேர்ந்து, செயற்குழுவிலும் இடம்பெற்றார். ஆயினும் அவையில் எழுந்தால் நா எழவில்லை.

செயற்கைக் கருத்தடையை ஆதரித்தார் என்பதற்காக டாக்டர் அல்லின்சனைச் சங்கத்திலிருந்து நீக்கும் பேச்சு எழுந்தது. அல்லின்சனின் கருத்தைக் காந்தி ஏற்றவரல்லர். எனினும் மரக்கறி உணவை வளர்க்க எழுந்த சங்கம் அதற்காக ஒருவரை விலக்குவது முறையன்று எனக் கருதினார். தம் எண்ணத்தை எழுதிக்கொண்டு சென்றார். அதைப் படிக்கவும் துணிவு வரவில்லை. வேறொருவர் படித்தார். அல்லின்சன் அன்று தோற்றார்.

நா துணை நில்லாதவருக்கு எழுதுகோல் துணை நின்றது. 1891 பிப்ரவரி முதல் 'தி வெஜிடேரியன்' என்னும் வார ஏட்டில் இந்தியரின் உணவைப் பற்றி அவர் தொடர்கட்டுரை எழுதினார். நம் நாட்டு உணவை ஆங்கிலேயருக்கு விளக்கும் எளிய கட்டுரைகளே அவை. ஆனால் அவற்றினூடே ஏழையரின் நிலையையும் சொன்னார். நாளுக்கு ஒருவேளை பழைய ரொட்டியும் உப்பும் உண்டு வாழ்வோர் பல இலட்சம் என்றார். அந்த உப்பின் மீதும் கடும் வரி உண்டு என்று சேர்த்துக்கொண்டார்.

அதை எழுதிய 21 வயது மாணவர் தண்டிக் கடற்கரையை எண்ணியிருக்க இயலாது. ஆனால் 39 ஆண்டுகளுக்குப் பின், 1930 ஏப்ரல் 6 அன்று, அதே உப்பைக் கையில் அள்ளினார். அம்மாதமே இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்தார். இடைப்பட்ட காலத்தில், 1903இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஏட்டில் தமிழுக்கும் பக்கங்கள் இருந்தன.

எழுத்துப் பயிற்சி என்றால் சொல்லழகைக் கற்பது என்றே நாம் நினைக்கிறோம். உணவைப் பற்றி எழுதும்போதும் உண்ண இல்லாதவரை மறவாதிருப்பது அதனினும் முந்திய பாடம். அயல்நாட்டில் படிக்கும் நம் பிள்ளைகள் எழுதத் தொடங்கும்போது, இந்த ஒரு பாடம் அவர்களுக்கு வாய்க்கட்டும்.